தெய்வாத்தாளுக்காகச் சொன்ன பதில்கள்

டாக்டர் சென்னகேசவன் 1936-இல் ஆர்.எஸ்.புரத்தில் மனநோய் ஆஸ்பத்திரி திறந்தபோது, சீமையிலிருந்து ஒரு கேள்வித்தாளும் வரவழைத்தார். நோயாளி உயிரை மாய்த்துக்கொள்வாரா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுமாம். மனுஷர் தன் மூக்குக்கண்ணாடியைக்கூட அவ்வளவு நம்பியதில்லை.

துடியலூர் அப்புசாமிக் கவுண்டர் மனைவி தெய்வாத்தாளை வில்வண்டியில் கூட்டிவந்தார். ஒரே மகன் அம்மை கண்டு இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"அழுதுட்டே இருக்கறாளுங்க" என்றார்.

டாக்டர் அவளிடம்தான் கேட்டார். புருஷன் பக்கத்தில் இருக்கும்போது வேற்று ஆணுக்குப் பதில் சொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவள் தலைகுனிந்தாள், கவுண்டரே பதில் சொன்னார். டாக்டரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

"ராத்திரி தூக்கம் வருதாம்மா?"

"கண்ணே மூடறதில்லீங்க. விடிய விடிய தோட்டத்துல நடக்கறதுதானுங்க."

தெய்வாத்தாள் திடுக்கிட்டாள். அவள் அழுது களைத்துத் தினமும் தூங்கிவிடுகிறவள்.

"சாப்பாடு?"

"மண்ணத் திங்கற மாதிரிங்க."

"இனி இருந்து என்ன பிரயோசனம்னு தோணுதா?"

கவுண்டர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத பாவி இருந்தென்ன, போயென்னங்க" என்றார்.

அம்மை போட்ட ஆத்தாவே பார்த்துக்கொள்வாள், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அன்றைக்குத் தடுத்தவர் அவர்தான். தெய்வாத்தாள் தலைநிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

டாக்டர் மதிப்பெண்களைக் கூட்டினார். "ரொம்ப அபாயம். இவங்களை இங்கேயே வெச்சுக்கிறோம். ஒரு நிமிஷம்கூடத் தனியா விடமாட்டோம். நீங்க தைரியமா ஊருக்குப் போங்க."

கவுண்டரின் முகம் தெளிந்தது. "இவ பத்திரமா இருந்தாப் போதுமுங்க."

தெய்வாத்தாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "டாக்டருங்க, அதெல்லாம் எனக்கில்லீங்க. நான் தூங்கறனுங்க, சோறு திங்கறனுங்க. சொன்னது பூராவும் அவீங்களைப் பத்திங்க. தனியா அனுப்பாதீங்க."

டாக்டர் கனிவாகச் சிரித்தார். வீட்டுக்குப் போகும் ஆசையில் நோயாளிகள் எல்லாவற்றையும் மறுப்பார்கள் என்று கேள்வித்தாளிலேயே அச்சிட்டிருந்தது. படித்தவர் அல்லவா, படித்ததை நம்பினார்.

"நீங்களே சொல்லுங்க" என்று அவள் புருஷனிடம் கெஞ்சினாள்.

"சொன்ன பேச்சுக் கேட்டு இரு அம்மணி" என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார்.

பின்னால் ஓடியவளை நர்ஸ் அம்புஜம் பிடித்துக்கொண்டாள். வண்டி வடக்கே திரும்புவது ஜன்னலில் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட வாயில் வராத பெயரைத் தெய்வாத்தாள் தெருவே கேட்கும்படி கூவினாள்.

"அப்புசாமீ..."

வண்டி நிற்கவில்லை. புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமளவுக்குப் பித்து முற்றிவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.