இரண்டு விரல் இடைவெளி

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு லவீனா வழக்கம்போல இரண்டு மேஜை போட்டாள். பெரியது குடும்பத்துக்கு. சின்னது, சபையை விட்டுப் போன தம்பி அப்னருக்கு. காரும் கரண்டும் வேண்டாமென்று வாழும் ஆமிஷ் சபையில் ஞானஸ்நானம் வாங்கியவன் விலகிப் போனால் அவனோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது, அவன் கையால் எதையும் வாங்கவும் கூடாது. அதற்காகக் கூடப்பிறந்தவனைப் பட்டினி போட முடியுமா? இரண்டு மேஜைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள். இடைவெளி கடவுளுக்கு, விரிப்பு குடும்பத்துக்கு. இரு தரப்புக்கும் திருப்தி.

ஒரே சிக்கல், அப்னர் செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அவன் ஒன்றும் பெரிய நாத்திகன் இல்லை. ஒரு சிவப்பு பிக்கப் வண்டியைப் பார்த்தான், சொக்கிப்போனான், அவ்வளவுதான். எட்டு மைல் தள்ளி டவுனில் குடியேறினான். கரண்டே இல்லாத வீட்டில் வளர்ந்தவன், ஃப்ரிட்ஜ் விற்றுப் பிழைத்தான். மாதம் ஒருமுறை வந்து சின்ன மேஜையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, “எனக்கு மட்டும் தனி மேஜை பாரு, கவர்னர் மாதிரி” என்பான். லவீனா சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்கு ஓடிவிடுவாள். அண்ணன் ஈனோஸ் சிரிக்கமாட்டார். அவர் சபையின் டீக்கன், கட்டுப்பாடு மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர். விரிப்பின்மேல் இரண்டு விரலை அழுத்தி, இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பத்தொன்பது வருடமாக இதே கூத்து.

லவீனாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அண்ணன் வாயிலிருந்து அப்னரின் பெயர் ஒருமுறையாவது வரவேண்டும். அடக்கத்தன்றுகூட வரவில்லை. அன்று முழுக்க மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

மனைவி சலோமாவோடு உள்ளே வந்த ஈனோஸ் மேஜைகளைப் பார்த்தார்.

“இன்னும் எதுக்கு இது? ரெண்டையும் ஒட்டிப் போடு, இடம் தாராளமா இருக்கும்.”

“ஒட்ட மாட்டேன்.”

“ஏன்?”

“அவன் உயிரோட இருந்தப்ப ஒட்ட விட்டியா? இப்ப மட்டும் என்ன அவசரம்? வேணும்னா விரலை வெச்சுப் பாத்துக்கோ அண்ணே, அளவு சரியாத்தான் இருக்கு.”

“சாப்பாடு ஆறுது” என்றாள் சலோமா, பொதுவாக.

தலை குனிந்து மனதுக்குள் ஜெபம் சொல்லி முடித்ததும், லவீனா தன் தட்டோடு போய்ச் சின்ன மேஜையில், தம்பியின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். கிரேவிப் பாத்திரத்தையும் கையோடு எடுத்துப் போய்விட்டாள். கிரேவி இல்லாமல் உருளைக்கிழங்கு மசியல் அண்ணனுக்குத் தொண்டையில் இறங்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன!

ஈனோஸ் வெறும் மசியலோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்.

“அதை இப்படிக் குடு.”

லவீனா பாத்திரத்தைத் தன் மேஜையின் ஓரத்தில் வைத்தாள். “வெச்சிருக்கேன், எடுத்துக்கோ. அவன் மேஜையில வெச்சா எடுத்துக்குவியே, உனக்குப் பழக்கப்பட்ட வழிதானே.”

“உன்னை யாரும் விலக்கி வைக்கல, லவீனா.”

“இங்க உக்காந்தா விலக்குத்தான்.”

பாத்திரத்தை எடுக்கப் போன சலோமாவை ஈனோஸ் தடுத்தார். எழுந்தார். மெதுவாகச் சுற்றி வந்து சின்ன மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். பாத்திரத்தைத் தொடவில்லை, கையை மட்டும் நீட்டினார்.

“கையில குடு.”

லவீனா அடுத்த குத்தலைத் தயாராக வைத்திருந்தாள். அது பாதியிலேயே நின்றுவிட்டது.

“அவன்கிட்ட ஒருநாளாவது இப்படி நீட்டியிருக்கியா அண்ணே?”

“இல்ல. அவன்தான் நீட்டுவான். ஒவ்வொரு தடவையும் முதல்ல என் கையிலதான் குடுக்கப் பாப்பான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். அப்புறம்தான் மேஜையில வைப்பான்.” ஈனோஸ் கையை மடக்கவில்லை. “நான் வாங்கமாட்டேன்னு அப்னருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் நீட்டுவான், கழுதை.”

அப்போதெல்லாம் லவீனா அடுக்களையில் சிரித்துக்கொண்டிருந்தாள். இதை ஒருமுறைகூட அவள் பார்த்ததில்லை. கேட்க நினைத்த பெயரைக் கேட்டாயிற்று, ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை.

பாத்திரத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் வாங்கும்போது விரிப்பில் கொஞ்சம் கொட்டியது. ஈனோஸ் தம்பியின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தன் தட்டையும் பக்கத்தில் இழுத்து, கிரேவி ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டார்.

“ஆறிப்போச்சு” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“பத்தொன்பது வருஷம் கழிச்சு வாங்கினா ஆறாம என்ன பண்ணும்?” என்றாள் லவீனா.