இருபத்தொரு மில்லிமீட்டர்

காலை ஆறு மணிக்கே பெரியநாயக்கன்பாளையம் பட்டறையில் இரும்பு அலறத் தொடங்கிவிட்டது. வெட்டும் சக்கரம் சதுரக் குழாயைக் கடித்ததும் பொறி தெறித்து, வெட்டிக்கொண்டிருந்த சென்னிமலையின் முழங்கையைச் சுட்டது. அவன் உதறக்கூட இல்லை. வெட்டி விழுந்த துண்டுகளை மற்ற ஆட்கள் நான்கு நான்காகத் தோளில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோனார்கள். எண்ணெயும் துருவும் கலந்த வியர்வை அவர்கள் கழுத்தில் வழிந்தது.

பட்டறை மூலையில் இருந்த கண்ணாடி அறைக்குள்ளிருந்து ரெபேக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் கூரை வரைவது அவள் வேலை. வெளியே வெல்டிங் செய்துகொண்டிருந்த அவள் கணவன் ஜெரோம் இரண்டு முறை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். தினமும் கண்ணாடி வழியாக ஒரு சிரிப்பு போய்வரும். இரண்டு நாளாக அது இல்லை. வீட்டில் அவன் எதைக் கேட்டாலும் தலைவலி என்றே பதில் சொன்னாள்.

முந்தாநாள் சோமனூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடு வேயும்போது இந்தப் பட்டறையின் ஆளான கருப்புசாமி விழுந்துவிட்டார். பதினான்கு அடி உயரம். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இழப்பீடு கேட்க, வேலையில் இருக்கும்போதுதான் விழுந்தார் என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்குவதற்காக அவர் மனைவி பழனியாத்தாள் விடிந்ததிலிருந்து பட்டறை வாசலில் நின்றாள்.

அவர் ஏன் விழுந்தார் என்பது ரெபேக்காவுக்குத் தெரியும்.

ஓடு உட்காருவது ரீப்பர் என்கிற குறுக்குச் சட்டத்தின் மேல். ஓட்டின் நீளம், ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டிய அளவு, சரிவின் நீளம் மூன்றையும் கொடுத்தால், ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று மென்பொருளே கணக்குப் போட்டுவிடும். சோமனூர்க் கூரைக்கு அது 320 மில்லிமீட்டர் வீதம் பதினாறு இடைவெளி காட்டியது. படம் வரைந்த அன்று முதலாளி அரங்கசாமி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பதினஞ்சாக்கு அம்மணி. சரிவுக்கு ஒரு ரீப்பர் மிச்சம்."

பதினைந்தாக்கினாள். 341 என்று காட்டித் திரை சிவந்தது. ஓடுகள் ஒன்றையொன்று கவ்வாது என்ற எச்சரிக்கை.

"அந்தச் செவப்பு எதுக்குக் கண்ண உறுத்திட்டு? அணைச்சுடு."

அணைத்தாள்.

ரீப்பர்களை வெல்டிங்கில் பத்தவைத்து ஓடு ஏற்றிய அன்றே கருப்புசாமி போன் செய்தார். "அம்மணி, ஓடு கவ்வ மாட்டேங்குதுங்க. நுனி அந்தரத்துல நிக்குது." முதலாளியிடம் சொன்னாள். "சிமெண்டு வெச்சு அடைச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார். அதை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

ஓடு வேய்பவர்கள் கீழே பார்த்து நடப்பதில்லை. ஓடும் ஓடும் சேரும் இடத்துக்கு அடியில் ரீப்பர் இருக்கும் என்று பாதம் நம்பும். இருபது வருஷமாக நம்பிய பாதத்தைக் கருப்புசாமி அந்தச் சிமெண்டு வரிசையில் வைத்தார். அடியில் ரீப்பர் இல்லை.

ஏழு மணிக்கு அரங்கசாமி வந்தார். பழனியாத்தாளைத் தாண்டி நேரே கண்ணாடி அறைக்குள் நுழைந்தார்.

"சோமனூர் ஃபைலைத் தொற. 320 ஆக்கு. பழைய தேதியப் போட்டு ஒரு பிரிண்ட் எடுத்துக் கையெழுத்தப் போட்டுக் குடு. இன்னிக்கே லேபர் ஆபீஸ்ல காட்டோணும்."

"ஏனுங்க சார், அங்க 341-ல தானுங்களே பத்தவெச்சிருக்குது?"

"அதத்தான் சொல்றேன். படம் சரி. கருப்புசாமி தண்ணியப் போட்டுட்டுத் தப்பா வெச்சுப்போட்டான். முடிஞ்சுது."

"அவரு குடிக்க மாட்டாருங்க. போன் பண்ணியும் சொன்னாருங்க."

"போன்ல சொன்னதுக்கு ரசீது இருக்குதா?" குரலைத் தணித்துக்கொண்டார். "உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு சொல்றேன். படத்துக்கு அடியில யாரு பேரு இருக்குது? எம்பேரா? போலீசு வந்தா யாரக் கேக்கும்?"

அவர் போன் பேச வெளியே போனார். ரெபேக்கா சோமனூர் ஃபைலைத் திறந்தாள். திரையில் இன்னொரு கூரையும் திறந்திருந்தது. துடியலூரில் ஒரு மழலையர் பள்ளி. அதற்கும் 341. லாரியில் ஏறிக்கொண்டிருந்தது அந்தக் கூரையின் ரீப்பர்கள்தான்.

அவள் சோமனூர்ப் படத்தை இருந்தபடியே அச்செடுத்தாள். தேதியும் நேரமும் மூலையில் இருந்தன. தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் இறங்கினாள்.

"மெசினை நிறுத்துங்க" என்றாள்.

"என்னங் மேடம், ஏசி ஓடலீங்களா?" என்றான் சென்னிமலை. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் சொல்லத் தொடங்கினாள். சிவப்பு எச்சரிக்கை, கருப்புசாமியின் போன், இப்போது கேட்கும் பொய்த் தேதி, லாரியில் ஏறும் பள்ளிக் கூரைக்கும் அதே 341, எல்லாவற்றையும் சொன்னாள். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எங்கிட்டக்கூடச் சொல்லலியே புள்ள" என்றான் ஜெரோம்.

"சொன்னா நீங்க சண்டைக்குப் போயிருவீங்க. ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்னு பயந்துட்டேன்."

வாசலிலிருந்து பழனியாத்தாள் வந்தாள். "குடிச்சுப்போட்டு ஏறினான்னு ரெண்டு நாளா ஊரே பேசுது. தெரிஞ்சும் வாய மூடிட்டுத்தான இருந்த?"



அரங்கசாமி வேகமாக வந்தார். "என்ன கூட்டம்? லோடு ஏத்துங்கடா."

சென்னிமலை கையில் இருந்த குழாயைத் தரையில் போட்டான். ஒருவர்பின் ஒருவராக மற்றவர்களும் தோளில் இருந்ததைப் போட்டார்கள்.

"இந்த லோடு போகாதுங்க" என்றான் சென்னிமலை.

"ஆளுக்கா பஞ்சம்? நாளைக்கே வடக்க இருந்து நாப்பது பேர எறக்கிப்போடுவேன்."

"எறக்குங்க. அவங்க காலும் இதே ஓட்டு மேலதானுங்க வெக்கோணும்."

"அப்பச் சரி. இந்தப் புள்ள பேர போலீசுல குடுத்தர்றேன். வரைஞ்சது அவதான்."

ஜெரோம் மனைவியின் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பி, வெல்டிங் மேசைமேல் விரித்தான். "என்ன நடந்துச்சோ எழுது."

அவள் எழுதினாள். முதல் வரியிலேயே, எச்சரிக்கையை அணைத்தது நான் என்று எழுதினாள். யார் சொல்லி அணைத்தேன் என்பது அடுத்த வரி. கையெழுத்திட்டதும் பேனாவை ஜெரோம் வாங்கினான். அளவைக் கேள்வி கேட்காமல் பத்தவைத்ததில் எனக்கும் பங்குண்டு என்று எழுதித் தன் பேரைப் போட்டான்.

"எம்பேரையும் போடுங்க. குழாய வெட்டுனது நானு" என்றான் சென்னிமலை. ஏற்றியவர்கள் எழுதினார்கள். லாரி ஓட்டுநர்கூட இறங்கி வந்தார். ஒரே பெயர் இருந்த தாளில் பதினோரு பெயர்கள் சேர்ந்தன.

"எல்லாரும் நாசமாப் போவீங்கடா" என்று அரங்கசாமி கத்தியபோது, அவர்கள் மேட்டுப்பாளையம் ரோட்டில் கோவை பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். பழனியாத்தாளும் அவர்களோடு ஏறினாள்.

லேபர் ஆபீஸில் அதிகாரி இல்லை. மத்தியானத்துக்கு மேல் வந்தாலும் வருவார் என்றார்கள். மனுவை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஜெரோமின் போனில் அரங்கசாமியின் அழைப்பு ஓயவில்லை. யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்ற செய்தியும் வந்துவிட்டது. அதைப் படித்தபிறகும் ஒருவரும் கிளம்பவில்லை. சென்னிமலை எல்லோருக்கும் டீ சொல்லப் போனான்.

தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்ச். ரெபேக்கா தாளை மார்போடு அணைத்தபடி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். பெஞ்சில் இருந்த பழனியாத்தாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

"உம்மேல கோவம் ஆறல கண்ணு. ஆறவும் நாளாகும். அதுக்காக ஆபீசர் வார வரைக்கும் நின்னுட்டே இருப்பியா? உக்காரு."