தூசி புகாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு வாரமாகப் பத்து நிமிடம் ஓடிவிட்டுப் பொசுக்கென்று அணைந்துகொண்டிருந்தது. இன்று காலை அதற்கு உயிரே வரவில்லை. உடனே என் சகலை வந்துவிட்டார். மனிதருக்கு வாய் மட்டும் வஞ்சனையில்லாமல் வளர்ந்திருக்கிறது. டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிய தைரியத்தில் ரேமைக் கழற்றினார், பென்சில் ரப்பரால் தேய்த்தார், திரும்பச் சொருகினார். பட்டனை அழுத்தினால் பேச்சு மூச்சில்லை.

“மதர்போர்டு போச்சு சகலை. நான் அப்பவே சொன்னேன், நீங்க கேக்கலை.”

எப்போது சொன்னார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பேசாமல் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பெட்டியைத் திருப்பினார். பின்பக்கத்துக் காற்றுத் துளைகள் அத்தனையையும் பழுப்பு டேப் மூடியிருந்தது.

“சூடு வெளிய போக வழியில்லாம பவர் சப்ளை கருகிடுச்சு. எந்தப் புத்திசாலி சார் இதை ஒட்டுனது?”

என் மனைவி தன் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். “தூசி போகக் கூடாதுன்னு போன மாசம் நீங்கதானே அத்தான் ஒட்டுனீங்க?”

சகலை துளியும் அசரவில்லை. மெக்கானிக்கின் டார்ச்சை வாங்கிப் பெட்டிக்குள் அடித்தார்.

“உள்ள ஒரு பொட்டு தூசி இருக்கா, பாருங்க!”