கியர் ஒயிலில் தண்ணீர்

பஹீமா ஸ்கூல் வான் ஓட்டத் தொடங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கணவன் றிப்ஷான் கத்தாரில் உழைத்து வாங்கிக் கொடுத்த வான். ஏறாவூரிலிருந்து பதினொரு பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போவாள். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். றிப்ஷானின் மூத்த சகோதரன் மஜீட்டுக்கு இது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஓட்டுவதுதான் நல்லது என்று தாய்மார் சொன்னதால் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒரு பிழை வரட்டும் என்று காத்திருந்தார். பஹீமாவுக்கும் அது தெரியும். அதனால் பிழை விடாமல் ஓட்டினாள்.

மாரி வெள்ளம் மெயின் றோட்டை மூடிக்கிடந்த நாளில் மஜீட்டின் மாமனார் டவுன் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அசர் தொழுகைக்கு முன் அடக்கம் செய்ய வேண்டும். வாடகைக்கு ஓடும் வான்காரர் ஒருவரும் தண்ணீருக்குள் இறங்கத் தயாரில்லை. மஜீட் பஹீமாவின் வாசலில் வந்து கையை நீட்டினார். ஜனாஸாவுக்கு வண்டி கேட்டால் இல்லை என்று சொல்ல அந்த ஊரில் எவருக்கும் நா எழாது. பஹீமா சாவியைக் கொடுத்தாள். பின் சீற்றுகளையும் தானே கழற்றிக் கொடுத்தாள்.

மஜீட் உடலை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது தன்னாமுனையில் ஒரு ட்ரக்டர் குறுக்கே நின்றுவிட்டது. கதவடி மட்டத் தண்ணீரில் வான் கால்மணி நேரம் நின்றது. ஆனாலும் மையத்து நேரத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளத்தை வெட்டிக்கொண்டு வந்த மனிதன் என்று ஊர் மஜீட்டைப் புகழ்ந்தது.

மூன்றாம் நாள் பஹீமா எஞ்சினைச் சூடாக்கி, கியர் ஒயிலின் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தாள். தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில், ரோஸ் நிறப் பாலைப்போல நுரைத்திருந்தது. அப்படியே மஜீட்டின் வீட்டுக்குப் போனாள். அங்கே இறந்தவருக்காக மூன்றாம் கத்தம் ஓதி முடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், கியர் ஒயிலுக்குள்ள தண்ணி போயிரிக்கி. உடனே மாத்தணும்."

மஜீட் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? கத்தத்துச் சோறு இன்னும் கையில காயல்ல. மையத்து ஏத்தின வண்டிக்கு ஒயில் கேட்டு வந்து நிக்கிறா."

ஒருவர் சிரித்தார். உள்ளே இருந்து மஜீட்டின் மனைவி ரிப்கா எட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள். பஹீமாவுக்குக் கூசிப்போனது.

"இல்ல மச்சான், சும்மா சொன்னன்" என்று திரும்பிவிட்டாள்.

யாருக்கும் சொல்லாமல் கராஜுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் டவுன் கராஜில் ஏறாவூர் வான் ஒன்று நின்றால், வீடு போய்ச் சேருமுன் செய்தி ஊருக்குப் போய்விடும். ஜனாஸாவுக்குக் கொடுத்துவிட்டு மறுநாளே பழுது பார்க்கிறாள் என்பார்கள். கொடுத்த நன்மையைத் தானே அழிப்பதுபோல அவளுக்கும் பட்டது. நாற்பதாம் நாள் கத்தமும் கழியட்டும் என்று நினைத்தாள். பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை வேறு. தினமும் ஓட்டினாள்.

ஒரு கிழமை ஓடியதும் வான் இழுக்க மறுத்தது. எஞ்சின் கத்தும், வேகம் வராது.

"வான் மூச்சு வாங்குது" என்றாள் ஒரு பிள்ளை. "எங்கட ஹெட் மிஸ் படியேறின மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். பஹீமா சிரிக்கவில்லை. பதினேழாம் நாள் கியர் பிடிக்கவேயில்லை. பதினொரு பிள்ளைகளும் இறங்கி றோட்டோரத்தில் நின்றார்கள்.

டவுனில் இப்படித் தானாக மாறும் ஓட்டோ கியர் திருத்துகிறவர் றெக்ஸ். பறங்கியர். வானின் கியர்ப் பெட்டியைக் கழற்றி, உள்ளிருந்த தட்டுகளைச் சாக்கின் மேல் வரிசையாக வைத்திருந்தார். பஹீமாவும் மஜீட்டும் வந்தபோது ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிக் காட்டினார். மேலுறை நனைந்த தபால் முத்திரைபோல உரிந்து வந்தது.

"இது காகிதம், தங்கச்சி. இரும்பில பசையால ஒட்டின காகிதம். ஒயில்ல ஊறினா வருசக்கணக்கா நிக்கும். தண்ணியக் கண்டா ஒயில விட்டுட்டுத் தண்ணியத்தான் குடிக்கும். மறுகா பசையும் விட்டிரும்."

"பொம்புள ஓட்டின வண்டி" என்றார் மஜீட்.

பஹீமா இதற்காகத்தான் காத்திருந்தாள். "றெக்ஸ் அண்ணன், நான் ஓட்டின விதத்தாலயா, தண்ணியாலயா? மச்சானுக்கு முன்னால சொல்லுங்க."

"தண்ணிதான். சூடான பெட்டி குளிர் தண்ணிக்குள்ள நிண்டா உள்ளுக்குள்ள காத்து சுருங்கும். மேல இருக்கிற சின்னக் குழாயால தண்ணிய உறிஞ்சும்."

மஜீட் மறுக்கவில்லை. "ஓம், நான்தான் இறக்கினன். ஊருக்கே தெரியும். அண்டைக்கே உங்களிட்டக் கொண்டு வந்திருந்தா?"

றெக்ஸ் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அண்டைக்கே எண்டா ஒயில மூணு நாலு தரம் மாத்திக் கழுவியிருக்கலாம். பெட்டி தப்பியிருக்கும். தண்ணியோட ஓட்டினதுதான் பெட்டியக் கொன்னுபோட்டுது."

"அதுக்கு மறுகா எத்தின நாள் ஓடினது?" என்றார் மஜீட்.

றெக்ஸ் பஹீமாவைப் பார்த்தார். சொன்னது எங்கே போய் விழுந்தது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"பதினேழு" என்றாள் பஹீமா. "நான் மூணாம் நாளே வந்து சொன்னன்தானே, மச்சான்."

"சும்மா சொன்னன் எண்டுதானே சொன்ன. இருவது பேர் கேட்டாங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பின்னேரம் றிப்ஷான் கத்தாரிலிருந்து போன் எடுத்தான். "மஜீட் காக்கா எல்லாம் சொன்னார். இனி அவர் ஆள் போட்டு ஓட்டட்டும்."

"என்ட பக்கத்தக் கேக்கல்லயே நீங்க."

"கேட்டு? மையத்தாலதான் பழுதாகினது எண்டு ஊரெல்லாம் சொல்லப் போறியா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கியர்ப் பெட்டி ஒன்றை றெக்ஸ் பூட்டிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை மஜீட்டின் மருமகன் றுஸ்தி ஓட்ட வந்தான். எந்தப் பிள்ளை எந்த ஒழுங்கையில் நிற்கும் என்று பஹீமாதான் சொல்லிக் கொடுத்தாள். வானைப் பின்னுக்கு எடுத்தவன், அது உருண்டுகொண்டிருக்கும்போதே முன் கியருக்குத் தட்டினான். அடியில் டொக்கென்று ஒரு இடி.

"தம்பி, வண்டி நிண்ட பொறகு மாத்துங்க. அப்பிடித் தட்டினா பெட்டி போயிரும்."

"ஓட்டோதானே மாமி. அது தானாப் பாத்துக்கும்."

முதல் பிள்ளையின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. அங்கே அவன் வானைத் திருப்பியபோது இன்னொரு டொக் பஹீமாவின் வாசல்வரை கேட்டது. காலையில் பதினொரு வீட்டுப் படலை, மத்தியானமும் பதினொரு படலை, ஒவ்வொன்றிலும் ஒரு டொக். அதிகம் போனால் பெட்டி ஒரு வருடம் தாங்கும் என்று பஹீமா மனதுக்குள் மட்டுக்கட்டினாள். அது பழுதாகும் அன்றைக்கும் முதலில் ஓட்டியவள் பழக்கிய பழக்கம் என்றுதான் சொல்வார்கள். அதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.