ஒரே ஊற்றாக

விடிந்தும் விடியாத வெளிச்சத்திலேயே அரவை எந்திரம் இரையத் தொடங்கிவிட்டது. விவசாயிகள் கொண்டுவந்து கொடுக்கிற சுண்ணாம்புக் கட்டியைச் சுத்தியலால் உடைத்து, எந்திரத்தின் வாயில் போட்டு, விழுகிற தூளை அள்ளி டப்பாவில் அடைக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. கொஞ்ச நேரத்தில் புருவம், இமை, மூக்குத் துவாரம் எல்லாம் வெளுத்துவிடும். முகத்தில் கட்டிய துணி தூசியைத் தடுக்கும் என்பது முதலாளியின் நம்பிக்கை. தூசிக்கு அந்த நம்பிக்கை கிடையாது. உரமும் சுண்ணாம்பும் சோதிக்கிற அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளை மாவுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்று அவளுக்குக் கை ஓடவில்லை. அடுத்த அறையில், அமில மேசைக்கு முன்னால் இருந்த முக்காலி காலியாகக் கிடந்தது. அது அவளுடைய அக்காவின் இடம். அக்கா கண்ணில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பார்வை திரும்புமா என்று கேட்டால் டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை.

சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை எவ்வளவு முறிக்கும் என்று பார்க்கத்தான் அதில் அமிலம் விடுவது. அது தெரிந்தால்தான் விதைப்புக்கு முன் வயலில் எவ்வளவு போடலாம் என்று விவசாயி முடிவுசெய்ய முடியும். அமிலம் பட்டதும் தூள் நுரைத்துக்கொண்டு எழும். சொட்டுச் சொட்டாக விட்டு, நுரை அடங்கியபின் மறுபடி விடவேண்டும். அக்கா அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். விதைப்புக் காலம் நெருங்கி டப்பாக்கள் வாசல்வரை குவிந்ததும் முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னொரு ஆளைச் சேர்க்க அவருக்கு மனசு வருமா? "குழந்தைக்கு மருந்து குடுக்கிற மாதிரி என்ன சொட்டு வேண்டிக்கிடக்கு? ஒரே ஊத்தா ஊத்து" என்று முதுகுக்குப் பின்னால் நின்று விரட்டினார்.

அக்கா ஊற்றினாள். சில நாள் தப்பினாள். அப்புறம் ஒரு குடுவை சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது. அமிலம் தெறிக்காமல் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி ஒன்று அங்கே உண்டுதான். அதிகாரிகள் வருகிற நாளுக்காக முதலாளியின் இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. அலறிய அக்காவைக் கொல்லைத் தொட்டிவரை இழுத்துக்கொண்டு ஓடியவள் மாவுக்காரிதான்.

காலையிலேயே முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் அதுவரை யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

"மத்தியானம் தொழிலாளர் ஆபீஸ்லேருந்து விசாரிக்க வர்றாங்க. உங்கக்கா தானாத்தான் அவசரப்பட்டு ஊத்திட்டான்னு சொல்லிடு. கூடப்பிறந்தவ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. வைத்தியம் முழுக்க என் பொறுப்பு."

"நீங்க சொல்லித்தானேங்க ஊத்தினா?"

"வேகமாப் பாருன்னேன். கண்ணுல ஊத்திக்கன்னா சொன்னேன்?" அவர் குரலை இறக்கினார். "தூள் நைசா இருந்தாத்தான் அப்படிச் சீறுமாம். கெமிஸ்டே சொல்றார். அரைச்சது யாரு? உன் பேரை இழுக்க வேணாம்னு பார்க்கிறேன்."

அவள் எழுந்து வந்தாள். அரைத்தது அவள்தான்; அதை மறுக்க முடியாது. ஒரு பொய் சொன்னால் அக்காவின் கண்ணுக்கு வைத்தியம். சொல்லாவிட்டால் வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை. முதல்நாள் ஆஸ்பத்திரியில் அக்கா புருஷன், "கண்ணு வந்தாப் போதும், யார் என்ன சொன்னா நமக்கென்ன" என்று அழுதது ஞாபகம் வந்தது. சொல்லிவிடுவது என்றே முடிவுசெய்து எந்திரத்தின் பக்கம் நடந்தாள்.

வழியில் அமில மேசையில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். குடுவை கழுவுகிற பெண். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். முதலாளி அவளை உட்காரவைத்து, ஒரே ஊற்றாக ஊற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் குடுவையை எட்டப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

மாவுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போய் அரவை எந்திரத்தை நிறுத்தினாள். சத்தம் நின்றதும் என்னவோ ஏதோ என்று எல்லாரும் ஓடிவந்தார்கள். முதலாளி பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் பொய் சொல்ல இருந்ததையும் சொன்னாள்.

"நாளைக்கு என் கண்ணு போனா, சல்லடை ஓட்டைக்குள்ள எட்டிப் பார்த்தேன்னு சொல்வாரு" என்றார் தூள் சலிக்கிற சல்லடைக்காரர். யாரும் சிரிக்கவில்லை. கெமிஸ்ட் தரையைப் பார்த்தபடி, தூள் நைசானால் சீறும் என்று, முதலாளி எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் சொல்லிவிட்டதாகவும், அவர் ஊற்றச் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகவும், அதை விசாரணையில் சொல்வதாகவும் சொன்னார். கேட்ட அன்றே தடுத்திருக்கலாமே என்று கழுவுகிற பெண் கேட்டாள். இனி சொட்டாகத்தான் விடுவது, எல்லாரும் நடந்ததைத்தான் சொல்வது, அக்காவின் வைத்தியத்துக்கு முடிந்தவரை ஆளுக்குக் கொஞ்சம் போடுவது என்று பேசி முடிவானது. அந்தப் பணம் எந்த மூலைக்குக் காணும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மாவுக்காரி அக்காவின் முக்காலியில் உட்கார்ந்தாள். டப்பா வரிசை நகராததைப் பார்த்து முதலாளி பாய்ந்துவந்தார். பின்னாலேயே, காத்திருந்த விவசாயிகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள முடியணும். ஊத்து."

அவள் எழுந்து, குடுவையையும் அமிலத்தையும் அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்களே ஊத்துங்க முதலாளி. ஒரே ஊத்தா."

முதலாளியின் கை எழவில்லை. ஓர் அடி பின்னால் நகர்ந்தார். வாசலில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

இன்றோடு எல்லாருக்கும் கணக்கு முடித்துவிடுவேன் என்று கத்தினார். செய்யக்கூடியவர்தான். கூட்டத்தை இடித்துக்கொண்டு போனார். அவருடைய அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"எங்க சுண்ணாம்பு எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார் முன்னால் நின்ற விவசாயி. "மெதுவாவே பாரும்மா. ஊத்துன்னு அவர் சொன்னதை நாங்களும் கேட்டோம். விசாரிக்க வர்றவங்க வரட்டும், நாங்களும் இருக்கோம்."

அவள் உட்கார்ந்து முதல் சொட்டை விட்டாள். நுரை எழுந்தது. அது அடங்கும்வரை எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.