ஆறாம் பாடத்தின் செய்முறைப் பயிற்சி

மாப்பிள்ளையைப் பெரியவர் கேள்வி கேட்ட அன்று, பட்டறை மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர்: பைக்கடையின் முதலாளியான பெரியவர், அவர் மனைவி, அவருடைய ஒரே தங்கை, தங்கையின் கணவரும், கடையின் தையல் பொறுப்பு முழுவதையும் சுமந்தவருமான மாப்பிள்ளை, பல்கலைக்கழகத்தில் மின்வணிகம் கற்பிக்கும், பெரியவரின் தம்பி. வேறு யாரும் இல்லை. நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தம்பி மட்டும் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் திரும்பி வந்த பைகள் குவிந்து கிடந்தன. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பை திரும்பி வந்தால் வாங்கியவரிடம் ஏன் என்று கேட்பதில்லை. பணம் அன்றே போய்ச் சேர்ந்துவிடும். கேள்வியெல்லாம் பையிடம்தான். பெரியவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, கைப்பிடியைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்ப்பார். குறை எங்கே என்று தெரியும்வரை கையை எடுக்கமாட்டார். பிரித்த பை அப்புறம் விற்பனைக்கு உதவாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

கடை தெருவில் மட்டும் இருந்தபோது இது எப்போதாவது நடக்கும் காரியம். தம்பி படம் எடுத்து, அளவு எழுதி, கடையை இணையத்தில் ஏற்றிக் கொடுத்த பிறகும் அப்படியே இருந்தது. “படிச்ச தம்பி இருந்தா எவ்வளவு வசதி பாருங்க” என்று பெரியவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவர் மனைவிக்கே காது புளித்துப்போயிருந்தது. தம்பியும் சும்மா இல்லை. மாணவர்களுக்காக மின்வணிகப் பாடங்களை வீடியோவாகத் தயாரித்து, கேள்விகளும் பயிற்சிகளும் சேர்த்து இணையத்தில் போட்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் அதற்கு நல்ல பெயர்.

அந்தப் பருவத்தில்தான் பைகள் சாரிசாரியாகத் திரும்ப ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ஒரே காரணம் எழுதியிருந்தது: கைப்பிடித் தையல் நம்பிக்கை தரவில்லை.

“ஒருத்தர் சொன்னா நான் காதுல போட்டுக்க மாட்டேன், மாப்பிள்ளை. இத்தனை பேர் சொல்றாங்க. ஒரு வார்த்தைகூட மாறல.”

“நீங்களே பிரிச்சுப் பார்த்தீங்களே மச்சான். எங்கயாவது நூல் விட்டிருக்கா?”

“இதோ. இங்க ஒரு தையல் தள்ளி விழுந்திருக்கு.”

“பிரிச்சதுக்கு அப்புறம் பார்த்தா எல்லாத் தையலும் தள்ளித்தான் தெரியும்.”

“அப்ப வாங்கினவங்க அத்தனை பேரும் பொய் சொல்றாங்களா? கண்ணு மங்குதுன்னா வெளிப்படையா சொல்லிடுங்க. வேற ஆளைப் பார்த்துக்கலாம்.”

தங்கையின் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டு மாப்பிள்ளையை, கட்டிய மனைவி பக்கத்தில் நிற்க, கூலிக்கு வந்தவரைக் கேட்பதுபோல் கேட்டாயிற்று. “என்ன பேச்சு பேசறீங்க?” என்று பெரியவர் மனைவி பதறினார். பெரியவருக்கும் சொன்னது நாக்கில் சுட்டது. ஆனால் இறங்கி வர மனமில்லை. துணைக்குத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லுடா. இதையெல்லாம் படிச்சவன் நீதான். இவ்வளவு சரக்கு திரும்பி வந்தா என்ன அர்த்தம்?”

தம்பி தலையை நிமிர்த்தவில்லை. “பொதுவா... தரத்துல ஏதோ பிரச்சனைன்னுதான் எடுத்துக்குவாங்கண்ணே.”

மாப்பிள்ளை தன் சொந்தக் கத்தரிக்கோலை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். “கிளம்பு” என்றார் மனைவியிடம். தங்கை வாசலில் நின்று, “இவர் கண்ணு மங்கல அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுவாரமே அவர் வேறொரு பட்டறையில் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது.

புது ஆள் தைத்தான். அந்தப் பைகளும் அதே காரணத்தோடு திரும்பின. அப்போதே பெரியவருக்கு உறைத்திருக்க வேண்டும். காலம் கெட்டுவிட்டது, நல்ல தையல்காரனே இல்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஒரு காலையில் கடைத் தொலைபேசிக்கு ஒரு பெண் அழைத்தாள்.

“சார், நான் உங்க பையைத் திருப்பி அனுப்பினவ. ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா?”

“கேளும்மா. பணம் வந்து சேர்ந்துச்சா?”

“உடனே வந்துடுச்சு சார். கேள்வியே அதான். ஏன் திருப்பி அனுப்பறேன்னு நீங்க கேட்கவே இல்லையே? எங்க பயிற்சியில அதுக்கு ஒரு பதில் எழுதணும்.”

“என்ன பயிற்சி?”

“ஆன்லைன் பாடம் சார். ஆறாவது பாடம், திரும்பி வரும் சரக்கு. ஒரு சின்னக் கடையில பொருள் வாங்கித் திருப்பி அனுப்பி, கடைக்காரர் எப்படி நடந்துக்கறார்னு எழுதணும். கடையை எங்க சாரே சொல்லிட்டார். காரணமும் அவரே கொடுத்துட்டார். ஆளாளுக்கு ஒன்னு எழுதினா ஒப்பிட்டுப் பார்க்க முடியாதாம்.”

பெரியவர் கையில் பாதி பிரித்த கைப்பிடி ஒன்று இருந்தது. அதை மேஜைமேல் வைத்தார்.

“பையில குறை இருந்துச்சாம்மா?”

“இல்ல சார்.” அவள் குரல் இறங்கியது. “நல்ல பை. திருப்பி அனுப்ப மனசே வரல. எங்கம்மாகூடத் திட்டினாங்க.”

அந்த ஆசிரியரின் பெயரைக் கேட்டார். அவள் சொன்னது, அவர் தூக்கி வளர்த்த தம்பியின் பெயர்.

“சார், கேள்விக்குப் பதில்?”

“எழுதிக்கோ. வாங்கறவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு கடைக்காரர் நினைச்சுட்டிருந்தார்.”

அன்று மாலை தம்பி வரவழைக்கப்பட்டார். வந்தவர், அண்ணன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“படிப்புக்காகத்தாண்ணே. வெறும் வீடியோன்னா பசங்க தள்ளித் தள்ளிப் பார்த்துட்டுப் போயிடறாங்க. நிஜமான கடை வேணும். மத்த கடையில செஞ்சா சண்டைக்கு வருவாங்க. நீங்கதான் கேள்வி கேட்க மாட்டீங்க.”

“கேட்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் செஞ்சியா?”

“முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க இயல்பா நடந்துக்க மாட்டீங்க. முடிவு கெட்டுப்போயிடும்.”

“ரொம்ப இயல்பாத்தான் நடந்துக்கிட்டார் தம்பி” என்றார் பெரியவர் மனைவி. “நாத்தனார் இந்த வாசல் மிதிச்சு எத்தனை நாளாச்சு! அதையும் பாடத்துல சேர்த்துக்கோங்க.”

பெரியவர் குரலை உயர்த்தவில்லை. “பை போகட்டும். அன்னிக்கு நீ இதே நாற்காலியில உட்கார்ந்திருந்த. நம்ம மாப்பிள்ளையை நான் நிக்க வச்சுக் கேட்கறேன். உன்னையும் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் தலை குனிஞ்சிருக்குமா?”

தம்பி உள்ளதைச் சொன்னார்.

“அப்ப பயிற்சி பாதியில இருந்துச்சுண்ணே.”

பெரியவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இன்னொருவர் வீட்டுப் பிள்ளை இதைச் செய்திருந்தால் ஆள் அனுப்பி நியாயம் கேட்டிருப்பார். இவனைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? வெளியே சொன்னால் தன் வீட்டுக் கதவைத் தானே உடைப்பது போல.

ஆனால் ஒரு கடன் பாக்கி இருந்தது. வீட்டார் எல்லார் முன்னிலையிலும் மாப்பிள்ளையை இழிவாகப் பேசியிருந்தார். வீட்டுக்குப் போய் ரகசியமாகச் சமாதானம் சொல்லி வருவது அவருக்கு முறையாகத் தெரியவில்லை. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வேலை பார்க்கும் பட்டறைக்கே போனார். தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை எழுந்து தன் முக்காலியை நகர்த்திப் போட்டார்.

“உட்காருங்க மச்சான்.”

“நின்னுதான் சொல்லணும்.” அவர் பேசத் தொடங்கியதும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. “உங்க தையல்ல ஒரு குறையும் இல்ல. நான் பேசினது தப்பு. இங்க இருக்கற எல்லாரும் கேட்டுக்கட்டும்.”

நடந்ததை முழுவதும் சொன்னார், தம்பியின் பங்கு உட்பட. அதை மட்டும் தணிந்த குரலில், மாப்பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

மாப்பிள்ளை கையிலிருந்த நூலைச் சுற்றி வைத்தார். “நீங்க கோபத்துல பேசினீங்க. அது அன்னிக்கே போச்சு மச்சான். சின்னவர் கோபமே இல்லாம உட்கார்ந்திருந்தார் பாருங்க... இதை உங்க தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கறேன்.”

“திரும்பி வாங்கன்னு கேட்கலாமா?”

“கேட்காதீங்க. இல்லைன்னு சொல்ல வச்சிடாதீங்க.”

பெரியவர் தலையசைத்தார். வாசல்வரை மாப்பிள்ளை கூடவே வந்து வழியனுப்பினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

தம்பி அந்தப் பயிற்சியை நீக்கிவிட்டார். மற்றப் பாடங்கள் இருக்கின்றன. நன்றாக இருப்பதாகவே சொல்கிறார்கள்.

தம்பி இனி வாசற்படி ஏறக் கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையில்லை. தம்பி வருகிறார். இலை போட்டுச் சாப்பாடு பரிமாறப்படுகிறது. பெரியவர் அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.