ஒரு மோட்டாரும் இரண்டு மோட்டாரும்

அன்று கார் பார்க்க வரவிருந்தவர்கள் பஸ்மிலாவின் மாப்பிள்ளை வீட்டார். காரை விற்கப் போகிறவள் அவள். வாங்கிக் கொடுக்கப் போகிறவர் அவளைப் பெற்ற வாப்பா. இந்தக் கூத்து கல்முனையில் வேறு எந்தப் பெண்ணுக்காவது நடந்திருக்குமா என்று அவள் ஹாஜியாரிடமே கேட்டுவிட்டாள்.

"நடக்கல்லதான். அதுக்காக முகத்த அப்பிடி வெச்சிரிக்காத, மகள். வாடிக்கக்காரன் ஓடிப்போயிருவான்" என்றார் நஜீம் ஹாஜியார். பிரதான வீதியில் உள்ள அந்தக் கார் சேல் கடை அவருடையது.

"ஓடட்டும். நல்லம்."

பஸ்மிலா பேராதனையில் புவியியல் படித்தவள். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள். பட்டம் கிடைத்தது. வேலை நியமனம் கிடைக்கவில்லை. வரும், வரும் என்று அரசாங்கங்கள்தான் மாறின. அந்த நேரத்தில் மின்சாரக் கார்கள் வந்து இறங்கத் தொடங்கின. ஆங்கிலக் கையேட்டைப் படித்து ஊர்ப் பேச்சில் சொல்ல ஹாஜியாருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான், பூமியின் தட்டுகளைப் பற்றிப் படித்தவள் கார்களின் தரங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

கடையில் ஒரே காரின் மூன்று தரங்கள் வரிசையாக நின்றன. ஸ்டாண்டர்ட், லோங் றேஞ்ச், பெர்போமன்ஸ். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சின்னது, நடுவல், பெரியது. சின்னதில் பின்சில்லுக்கு ஒரு மோட்டார், சிறிய பற்றரி. நடுவலுக்கும் அதே ஒற்றை மோட்டார்தான், ஆனால் பற்றரி பெரிது. அதனால் நீண்ட தூரம் போகும். பெரியதில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு மோட்டார்கள். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தை நான்கு செக்கனுக்குள் தொட்டுவிடும். சில்லு பெரிது, டயர் மெல்லிது, உடம்பு நிலத்தோடு ஒட்டியது, ஸ்பிரிங் கல்லுப்போல. நடுவலை விடக் கொஞ்ச தூரம் குறைவாகவே ஓடும். இதற்குத்தான் விலை அதிகம்.

வாடிக்கையாளர்களிடம் பஸ்மிலா ஒளித்துப் பேசமாட்டாள். "சாய்ந்தமருதில இருந்து காரைதீவுக்குப் போறதுக்கிடையில எத்தின மாடு படுத்திரிக்கி, எத்தின ஆள் குறுக்க வாற? நாலு செக்கன எங்க கொண்டுபோய் ஓட்டப்போறீங்க?" என்று கேட்பாள். ஹாஜியார் உள்ளேயிருந்து இருமுவார்.

வாப்பாவிடமும் இதையேதான் சொன்னாள். அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிய மறுநாளே கடைக்கு வந்து, "பெரியதப் போடு, மகள்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியது இதுதான்: எங்களுக்கு ஒண்டும் வேணாம், உங்கட புள்ளைக்கு நீங்க விரும்பினதக் குடுங்க.

இந்தக் கரையில் பெண் பெற்ற எவரும் இந்த வார்த்தையைக் கேட்டதும் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். வீடு பெண்ணுக்கு என்பது கேட்காமலே தெரிந்தது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை வந்து முன்வீட்டில் இருப்பான். பெற்றவர்கள் பின்வளவுக்கு ஒதுங்குவார்கள். அதற்கு மேலே என்ன என்பதுதான் இந்த 'விரும்பினது'. மூத்த மகள், ராத்தா சஹ்லாவின் கலியாணத்திலும் இதையேதான் சொன்னார்கள். வாப்பா அதை அப்படியே நம்பி வீட்டையும் தளபாடத்தையும் கொடுத்தார். ராத்தாவின் மாமி ஊர்முழுக்கக் கேட்டுத் திரிந்தாள்: "விரும்பினது இவ்வளவுதானாமா?" அதன் பிறகு வாப்பா பாடம் படித்துக்கொண்டார்.

பெரியதை எடுப்பதென்றால் வேனை விற்க வேண்டும். விற்று, மிச்சத்துக்கு லீசிங் கடன். அம்பாறையிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பஸ்மிலாவின் ஆத்திரமெல்லாம் அங்கேதான் இருந்தது.

அது ஒரு பழைய டொல்பின் வேன். வாப்பா அதில் கட்டுநாயக்காவுக்கு ஹயர் ஓடினார். கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறவர்களை ஏற்றிப் போவார், வருகிறவர்களை ஏற்றி வருவார். போகும்போது வேன் முழுக்க அழுகை. வரும்போது வேன் முழுக்கப் பெட்டியும் சிரிப்பும். பள்ளிக்கூட விடுமுறையில் பஸ்மிலாவையும் சில நேரம் கூட்டிப்போவார். முன்சீட்டுக்கு நடுவில், இஞ்சின் மூடியின் மேலே ஒரு மெத்தைத் துண்டைப் போட்டு உட்கார்த்திவிடுவார். மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போது வெளியே பனி கொட்டும். கீழே இஞ்சின் கதகதவென்றிருக்கும். அந்தச் சூட்டில் சுருண்டு நித்திரை கொண்டுவிடுவாள். பாதி ஏற்றத்தில் வேன் மூச்சுமுட்டும். வாப்பா ஓரங்கட்டி, மலைப் பீலியில் விழும் தண்ணீரைப் பிடித்து றேடியேற்றருக்கு ஊற்றுவார். பின்சீட்டில் யாராவது சத்தியெடுப்பார்கள். முகர்வதற்குத் தேசிக்காய் ஒன்று கைமாறிக் கைமாறிப் போகும். அந்தத் தேசிக்காய் வாசமும் டீசல் வாசமும் சேர்ந்ததுதான் அவளுக்குப் பயணம்.

அவளைப் பேராதனைக்கு முதன்முதல் கொண்டுபோய் விட்டதும் அந்த வேன்தான். விடுதி வாசலில் மற்றப் பிள்ளைகள் காரிலிருந்து இறங்கினார்கள். இவள் 'அல்லாஹ்வின் காவல்' என்று கண்ணாடியில் எழுதிய வேனிலிருந்து, ஒரு பாயும் ஒரு வாளியுமாக இறங்கினாள். வெட்கமாக இருந்ததா? இருந்தது. பிறகு அந்த நான்கு வருடமும் மலைநாட்டுக் குளிரில் அவள் நினைத்துப் படுத்தது அந்த இஞ்சின் மூடியைத்தான். விடுமுறை முடிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அதிலேயே குந்தியிருந்திருக்கிறாள்.

அதைத்தான், முகம்கூடச் சரியாகப் பார்க்காத ஒருவனுக்கு இரண்டு மோட்டார் வேண்டும் என்பதற்காக விற்கப்போகிறார்கள்.

அசர் தொழுகைக்கு முன்பே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை றிஸ்மி, அட்டாளைச்சேனையில் விஞ்ஞான ஆசிரியர், மெலிந்த ஆள். கூடவே அவனுடைய உம்மா றஹீமா. பின்னால் வாப்பா, பெருநாளுக்கு உடுத்தும் சேட்டோடு.

றஹீமா மாமி மூன்று கார்களையும் ஒரு சுற்றுச் சுற்றினாள். "மூண்டும் ஒண்டு போலதானே மகள் இரிக்கி? இந்தா, இதுக்கு மட்டும் சில்லுக்குள்ள செவப்புச் சாயம் அடிச்சிரிக்காங்க."

"அது பிரேக், மாமி. இதுக்கு ரெண்டு மோட்டார். கெதியாப் போகும். அப்பிடிப் போனா நிப்பாட்டப் பெரிய பிரேக் வேணும்."

"அப்ப கெதியாப் போகாட்டி?"

"ரெண்டும் தேவல்ல."

ஹாஜியார் இருமினார். "மகள் பகிடி விடுறா. மாப்பிள்ள ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுமே!" என்று பெரியதின் சாவிக் கார்டை றிஸ்மியிடம் நீட்டினார். அவன் அதைக் கையில்கூட வாங்காமல், "மாமா ஓட்டட்டும்" என்றான்.

பார், எவ்வளவு மினுக்கம் என்று நினைத்தாள் பஸ்மிலா. கேட்கவும் மாட்டானாம், தொடவும் மாட்டானாம். எல்லாம் வாய்க்குள் வந்து விழ வேண்டும்.

வாப்பா ஓட்டினார். விளக்கம் சொல்வதற்காக பஸ்மிலா பக்கத்தில் உட்கார்ந்தாள். தாயும் மகனும் பின்னால். சாய்ந்தமருதைத் தாண்டும்வரை மாடும் ஆளும் முச்சக்கரவண்டியுமாக ஊர்ந்தே போனார்கள். காரைதீவுச் சந்தியில் திரும்பியதும் மாவடிப்பள்ளி வயல்வெளி. இரண்டு பக்கமும் கதிர்வந்த நெல், நடுவே வெறும் றோட்டு.

"இப்ப அமத்தலாமா?" என்றார் வாப்பா.

"கொஞ்சமா அமத்துங்க."

அவர் கொஞ்சமாக அமத்தவில்லை. சத்தமே இல்லை. யாரோ நெஞ்சில் கைவைத்துச் சீட்டோடு தள்ளியது போலிருந்தது. வயல் ஒரே பச்சைக் கோடாக ஓடியது. பின்னால், "யா அல்லாஹ், என்ட தல!" என்றாள் மாமி. வாப்பா சிரித்தார். பல்லுத் தெரிய, தோள் குலுங்க. வேனில் இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் இந்தச் சிரிப்பை பஸ்மிலா பார்த்ததில்லை. மதகு ஒன்றின் அருகில் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார்.

அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பிவிட்டது. எவனோ ஒருவனுக்குக் கொடுப்பதற்கா இவ்வளவு சந்தோசம்? பின்னால் திரும்பினாள். நிக்காஹ்வுக்கு முன்னர் பெண் மாப்பிள்ளையிடம் இதைக் கேட்பதில்லை. அவள் கேட்டாள்.

"சேர், நேராச் சொல்லுங்க. இந்தப் பெரியதுதான் வேணுமா? இதுக்காக வாப்பா வேனை விக்கிறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"பஸ்மிலா!" என்றார் வாப்பா.

றிஸ்மியின் முகம் வெளிறியது. "எனக்கா? எனக்குக் கார் ஓட்டத் தெரியா. லைசனும் இல்ல. நான் பஸ்ஸிலதான் பள்ளிக்கூடம் போறன்."

"அப்ப என்னத்துக்கு வந்தீங்க?"

"மாமா வரச் சொன்னாரு. தனக்குக் கார் எடுக்கிறாரு, கூடப் போய்ப் பாப்பமெண்டு நினைச்சன்."

"நீங்க விரும்பினதக் குடுங்க எண்டு சொல்லிவிட்டீங்களே?"

இப்போது றஹீமா மாமி முன்னுக்குச் சரிந்தாள். "நான்தான் மகள் சொல்லிவிட்ட. ஒண்டும் வேணாமெண்டுதானே சொன்ன? வேணாமெண்டத வேற எப்பிடிச் சொல்லுற? எங்கட வீட்டுக்கு முன்னால காரை விட இடமும் இல்ல!"

"அது எங்கட வீட்டுலதானே உம்மா நிக்கும்" என்றாள் பஸ்மிலா. அவள் அந்த மனுஷியை உம்மா என்று கூப்பிட்டது அவளுக்கே தெரியாது. தெரிந்தவள் மாமிதான், அவள் முகம் மலர்ந்தது. "தம்பி, வா. கொஞ்சம் காத்து வாங்குவம். எனக்குத் தல சுத்துது" என்று மகனையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

காருக்குள் இருவர் மட்டும்.

"கேட்டீங்கதானே? அப்ப வேனை விக்கத் தேவல்ல" என்றாள் பஸ்மிலா. வெற்றி.

வாப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்கவில்லை. "விக்கத்தான் போறன்."

"ஏன்? ஆரும் கேக்கல்லியே!"

"அதுதான் மகள் பிரச்சின." வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாப்பிள்ள வீட்டுக்கெண்டு சொன்னா ஊர் ஒத்துக்கொள்ளும். நான், டிரைவர் மசூர், எனக்கெண்டு இப்பிடியொரு கார் எடுத்தா சிரிக்க மாட்டாங்களா?"

"உங்களுக்கா? அப்ப வேன்?"

"வேன், வேன். உனக்கு அது நித்திர கொண்ட இடம். எனக்கு அது அடுப்பு, மகள். குண்டிக்குக் கீழ நெருப்ப வெச்சிட்டுத்தான் இத்தின வருசமும் ஓடின. கொழும்புக்குப் போய் வந்தா ரெண்டு நாளைக்கு நிமிந்து படுக்க ஏலா. அந்த ஏத்தத்தில எல்லா பஸ்ஸும் ஹோன் அடிச்சி ஏசிட்டு முந்தும். நான் ஓரத்தில நிண்டு தண்ணி ஊத்துவன். நீ அப்ப கண்ண மூடிட்டுப் படுத்திரிப்பாய்."

வளைவுகள் அத்தனையும் பஸ்மிலாவுக்கு மனப்பாடம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அவற்றில் பாதியை அவள் கண்ணால் கண்டதே இல்லை. ஆத்திரப்பட ஓர் ஆள் வேண்டுமென்று மனம் தேடியது. மாப்பிள்ளையும் கிடைக்கவில்லை, மாமியும் கிடைக்கவில்லை. அந்த வேன் இனி அவளுக்கு மட்டும்தான் இனிக்கும். ஞாயிற்றுக்கிழமை அது போகும்போது அவள்தான் அழுவாள், அவர் அழமாட்டார். இருக்கட்டும்.

கடையில் எவரிடமும் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஆர் ஓட்டப்போற?"

வாப்பா திரும்பிப் பார்த்தார். "நான்."

"எங்க ஓட்ட?"

"கட்டுநாயக்கா ஹயர். வேற என்ன தொழில் தெரியும் எனக்கு?"

"முதுகு?"

"நோகுதுதான்."

"அப்ப இது உங்களுக்குச் சரிவராது. ஸ்பிரிங் கல்லு மாதிரி, முதுக முறிச்சிரும். ஒரு குழியில விழுந்தா டயர் கிழியும். சார்ஜும் நடுவலுக்கு முந்தி இறங்கும். பயணக்காரன இடையில குந்தவெச்சிட்டு நிக்க ஏலாது. நடுவல எடுங்க. மெத்துமெத்தெண்டு போகும்."

"இது மாதிரிப் பாயுமா?"

"பாயாது. ஒரு மோட்டார்தானே." அவள் பொய் சொல்லவில்லை. "ஆனா ஏத்தத்தில நிக்காது. தண்ணியும் ஊத்தத் தேவல்ல."

வாப்பா உள்ளங்கையால் ஸ்டியரிங்கை ஒருமுறை தடவினார்.

"சரி. நடுவலப் போடு. என்ட பேர்ல."

"உங்கட பேர்லதான். ஊர் என்ன சொன்னாலும்."

"சிரிச்சா?"

"சிரிக்கட்டும். நான் கதைக்கிறன் அவங்களோட."

"நீ கதைச்சா அவங்க பாவம்" என்றார் வாப்பா.

மாமியும் றிஸ்மியும் வந்து ஏறினார்கள். றிஸ்மி இந்தமுறை பெல்ற்றை இறுக்கிப் போட்டுக்கொண்டு, "இந்த ரெண்டு மோட்டாரும் ஒரேயடியா இழுக்கிறதாலதானே தல பின்னுக்குப் போகுது?" என்று கேட்டான். விஞ்ஞான வாத்தியார். அவனை முதன்முறையாக நேராகப் பார்த்துத் தலையாட்டினாள் பஸ்மிலா. சிரிக்கவும் செய்தாள் போல.

காரைத் திருப்பும்போது அம்பாறை பஸ் ஒன்று இரைந்துகொண்டு கல்முனைப் பக்கமாகப் போனது. வாப்பா அதன் பின்னால் போனார். கரும்புகை கண்ணாடியில் அப்பியது. எதிரே றோட்டு நீளத்துக்கும் வெறுமை. வாப்பா மகளைப் பார்த்தார்.

"முந்துங்க வாப்பா" என்றாள் பஸ்மிலா.

பஸ் ஒருகணம் பக்கத்தில் நின்றதுபோலிருந்தது, பிறகு காணவில்லை. பின்னால் எங்கோ பஸ்காரன் ஹோன் அடித்தான். றஹீமா மாமி கலிமா சொல்லத் தொடங்கிவிட்டாள். பஸ்மிலா கண்ணை மூடவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.